பழைய போட்டில் கார்ப்பெட்டை மாற்றும் முன்

பழைய மோட்டார் போட்டில் கால் வைத்தால் தரை மெத்தென்று அமுங்குகிறதா? கார்ப்பெட்டை மட்டும் மாற்றினால் காசுதான் வீண். கீழே பிளைவுட் ஊறி மக்கியிருக்கும்.

கார்ப்பெட்டை முழுதாக உரித்துவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டக்’ என்றால் பலகை நன்றாக இருக்கிறது. ‘தொப்’ என்றால் மக்கல். சீட் கால்களைச் சுற்றியும், பின்பக்கம் மோட்டார் அருகிலும் கூடுதலாகத் தட்டிப் பாருங்கள். மக்கலோடு நிறுத்தாமல், பலகையைத் தாங்கும் அடிச்சட்டத்தின் பாதி அகலம் வரை வெட்டி எடுத்தால்தான் புதுப் பலகை உட்கார இடம் கிடைக்கும். கீழே இருக்கும் ஃபோமைப் பிழிந்தால் தண்ணீர் வருகிறதா? எடுத்துவிடுங்கள். ஆனால் அது போட் மிதப்பதற்காக வைத்தது. அதே அளவு புது ஃபோம் வைக்காமல் மூடக்கூடாது.

பலகை வாங்கும்போது ‘வாட்டர் ப்ரூஃப் சார்’ என்ற பேச்சை விட்டுவிட்டு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையைத் தேடுங்கள். அதுதான் மரைன் பிளை. வெட்டிய விளிம்பு, ஸ்க்ரூ துளை, அடிப்பக்கம் எதையும் விடாமல் எபாக்ஸி (இரண்டு திரவத்தைக் கலந்து பூசும் பிசின்) பூசுங்கள். தண்ணீர் நுழைவதே அங்கேதான்.

மதுரைச் சித்திரை வெயிலில் எபாக்ஸி கப்பிலேயே சூடேறி இறுகிவிடும். விடிகாலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றிப் பூசுங்கள். அப்புறம் ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்.

கார்ப்பெட்டா? என்னைக் கேட்டால் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். வழுக்காத பெயின்ட் போதும்.