ஆர்.எக்ஸ். 100-க்குப் புது ரிங் போடுவது எப்படி?

நாலு ஸ்ட்ரோக் வண்டியில் பழகிய கையோடு ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைத் திறந்தால் முதலில் அடி வாங்குவது ரிங், அதாவது பிஸ்டனைச் சுற்றி உட்காரும் வளையம் தான். நாலு ஸ்ட்ரோக்கில் ரிங் தன் பள்ளத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் வாய், அதாவது இரண்டு நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளி, எந்தப் பக்கம் போனாலும் கவலை இல்லை, சிலிண்டர் சுவர் முழுக்க வழவழவென்றுதான் இருக்கும். ரெண்டு ஸ்ட்ரோக்கில் அந்தச் சுவரிலேயே புகை வெளியேற எக்ஸாஸ்ட், பெட்ரோல் கலவை உள்ளே வர டிரான்ஸ்ஃபர் என்று ஜன்னல்கள் வெட்டியிருக்கிறார்கள். ரிங்கின் வாய் ஒரு ஜன்னலுக்கு நேரே வந்தால் நுனி வெளியே பிதுங்கி, ஜன்னல் விளிம்பில் மாட்டி, உடையும். உடைந்த துண்டு பிஸ்டனையும் பிளாக்கையும் (சிலிண்டரையும்) சேர்த்துக் கிழிக்கும். இதைத் தடுக்கத்தான் பிஸ்டன் பள்ளத்துக்குள் ஒரு சின்ன ஆணி அடித்திருப்பார்கள். இந்த விளக்கத்தில் பாதி அந்த ஆணியைப் பற்றித்தான்.

உதாரணத்துக்கு யமஹா ஆர்.எக்ஸ். 100-ஐ எடுத்துக்கொள்வோம். 98 சிசி, போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ. நம் ஊர்த் தெருக்களில் இன்னும் ஓடுகிறது, சாமானும் கிடைக்கிறது. மற்ற ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கும் முறை பெரும்பாலும் இதேதான், அளவு மாறும்.

தேவையானவை: ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), புது ரிங் செட், புது பிஸ்டன் லாக் (பிஸ்டன் பின் நகராமல் பிடிக்கும் கம்பி வளையம்) இரண்டு, ஹெட் பேக்கிங், பிளாக் அடி பேக்கிங், 2டி ஆயில் (ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்), நூல் உதிராத துணி, ஒரே கனத்தில் இரண்டு மரச் சட்டம். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) இருந்தால் நல்லது. பழைய லாக்கைத் திரும்பப் போடாதீர்கள். பத்து இருபது ரூபாய்ச் சாமான் கழன்று விழுந்தால் பிளாக்கே போகும்.

1. ரிங் மட்டும் போதுமா?

கடையில் பலரும் "ரிங் மட்டும் மாத்திடலாம்" என்பார்கள். அதை நம்புவதற்கு முன் போரை அளந்து பாருங்கள். போர் கேஜ் இல்லையென்றாலும் பரவாயில்லை, ரிங்கே அளவுகோல் ஆகும்.

புது ரிங்கை பிளாக்கின் மேல் வாயில் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளுங்கள். விரலால் தள்ளினால் சாய்ந்து நிற்கும், அளவு பொய் சொல்லும். எக்ஸாஸ்ட் ஜன்னலுக்கு மேலே நிறுத்தி, ரிங் வாயில் ஃபில்லர் கேஜை விட்டு அளவெடுங்கள். அதே ரிங்கை எல்லா ஜன்னல்களுக்கும் கீழே, தேய்மானம் அதிகம் இல்லாத இடத்துக்கு இறக்கி மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் போர் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று தெரியும். மேலே 0.50, கீழே 0.30 என்றால் வித்தியாசம் 0.20. வகுத்தால் 0.06 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். 0.05-ஐத் தாண்டினாலே லேத் பட்டறைக்குப் போய் அடுத்த ஓவர்சைஸுக்கு (ஒரு படி பெரிய பிஸ்டன் அளவுக்கு) சிலிண்டரைக் குடைந்து போர் செய்வதுதான் சரி. தேய்ந்த போரில் போட்ட புது ரிங் கொஞ்ச நாளிலேயே பழைய கதைக்கு வந்துவிடும்.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். 0.25 ஓவர்சைஸ் போரில் தெரியாமல் ஸ்டாண்டர்டு ரிங்கைப் போட்டால் வாய் கிட்டத்தட்ட 0.8 மி.மீ. கூடுதலாகத் திறக்கும். அதனால் பிஸ்டன் தலையில் 25, 50 என்று ஏதாவது பொறித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரிங் வாங்குங்கள். கையிலுள்ள வண்டி எத்தனை பேர் கை மாறி வந்ததோ, உள்ளே எந்த சைஸ் இருக்கிறது என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்காது.

50 மி.மீ. போருக்கு ரிங் வாய் சுமார் 0.15 முதல் 0.35 மி.மீ. வரை இருக்கலாம், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணே முடிவானது. இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங் நீண்டு இரண்டு நுனியும் முட்டிக்கொள்ளும், போரைக் கீறும். கொஞ்சம்தான் குறைகிறது என்றால் மெல்லிய அரத்தால், வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி மட்டும் தேய்க்கலாம். மாற்றித் தேய்த்தால் குரோம் பூச்சு பெயர்ந்து வரும். நிறையத் தேய்க்க வேண்டியிருந்தால் அது உங்கள் போருக்கான ரிங் இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2. பிளாக்கைத் தயார் செய்வது

புதிதாகப் போர் செய்து வந்த பிளாக் என்றால் ஜன்னல் ஓரங்களை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கத்தி மாதிரி வெட்டினால் அங்கே சேம்ஃபர் செய்யவில்லை, அதாவது விளிம்பை மழுக்கவில்லை என்று அர்த்தம். ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அந்த விளிம்பைத் தாண்டியாக வேண்டும். பட்டறையில் அவசரத்தில் விட்டுவிடும் வேலை இது. மேல், கீழ் விளிம்புகளை மழுக்கித் தரச் சொல்லி அங்கேயே வாங்கிவிடுங்கள்.

பிறகு சோப்பும் வெந்நீரும் போட்டுப் பிரஷ்ஷால் கழுவ வேண்டும். பெட்ரோலில் மட்டும் கழுவினால் ஹோனிங் (போர் சுவரைக் கல்லால் தேய்ப்பது) தூள் அதன் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். துடைத்ததும் 2டி ஆயில் நனைத்த வெள்ளைத் துணியால் உள்ளே தேயுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஒட்டுகிற வரை கழுவல் முடியவில்லை. கழுவிய இரும்பு ஸ்லீவ் (பிளாக்கின் உள்குழாய்) சீக்கிரமே துருப்பிடிக்கும், அதனால் ஆயில் பூசாமல் வைக்காதீர்கள்.

3. பிஸ்டனில் ரிங் ஏற்றுவது

பழைய பிஸ்டனையே போடுவதானால் பள்ளத்தில் படிந்த கரியை எடுக்க வேண்டும். உடைந்த பழைய ரிங் துண்டு இதற்கு வசதி. அலுமினியத்தைச் சுரண்டிவிடாமல் கரியை மட்டும் எடுங்கள், ஆணியைத் தொடாதீர்கள். ஆணி ஆடினாலோ தேய்ந்திருந்தாலோ அந்தப் பிஸ்டனுக்கு விடை கொடுத்துவிடலாம்.

ரிங் நுனிக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அது வானத்தைப் பார்க்க வேண்டும். மேல் ரிங்கும் கீழ் ரிங்கும் எப்போதும் ஒன்றுபோல் இருக்காது. மேல் ரிங்கின் மேல் முகம் சரிவாக இருந்தால் அது மேல் பள்ளத்துக்கு மட்டுமே பொருந்தும். சில செட்டில் இரண்டாவது ரிங்குக்கு உள்ளே எக்ஸ்பாண்டர் என்ற மெல்லிய ஸ்பிரிங் வளையம் வரும், முதலில் அதைப் பள்ளத்தில் உட்கார வைத்துவிட்டு ரிங்கைப் போடுங்கள்.

கீழ் ரிங்கிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டு கட்டைவிரலால் நுனிகளைப் பிஸ்டன் தாண்டுகிற அளவுக்கு மட்டும் விரித்து, எதிர்ப்பக்கத்தை மற்ற விரல்களால் தாங்கி, நேராக இறக்குங்கள். ரிங்கைத் திருகி ஏற்றினால் வளைந்துவிடும், வளைந்தது கண்ணுக்குத் தெரியாது.

இப்போது ஆணி. ரிங்கின் இரு நுனியிலும் சின்ன வெட்டு இருக்கும், இரண்டும் சேர்ந்து ஆணியைக் கட்டிக்கொள்ள வேண்டும். ரிங்கைச் சுற்றிலும் உள்ளே அழுத்துங்கள். பிஸ்டன் பக்கச்சுவருக்கு மட்டமாகவோ கொஞ்சம் உள்ளேயோ போனால் சரி. ஓரிடத்தில் துருத்திக்கொண்டு நின்றால் நுனி ஆணியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அல்லது பள்ளத்தில் கரி மிச்சம், அல்லது ரிங் தவறு. எது என்று கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

4. பிஸ்டனைக் கனெக்டிங் ராடில் மாட்டுவது

முதல் வேலையாக கிராங்க் கேஸ் (பிளாக் உட்காரும் எஞ்சின் அடிப்பெட்டி) வாயைத் துணியால் அடையுங்கள். லாக் தெறித்து விழும் இடம் எப்போதும் அந்த ஓட்டைதான்.

பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம், அதாவது வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டனைத் திருப்பிப் போட்டால் ஆணிகள் ஜன்னலுக்கு நேரே வந்துவிடும், முதல் உதையிலேயே ரிங் போய்விடலாம். நீடில் பேரிங்குக்கு 2டி ஆயில் விட்டு, பிஸ்டன் பின்னைத் தள்ளுங்கள். இறுக்கமாக இருந்தால் பிஸ்டனை லேசாகச் சூடாக்குங்கள். சுத்தியல் வேண்டாம், ராட் வளையும். லாக்கின் திறந்த வாய் மேலேயோ கீழேயோ இருக்கட்டும், பக்கவாட்டில் வேண்டாம். போட்டபின் குறடால் கொஞ்சம் சுற்றிப் பார்த்தால் முழுக்கப் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று கை சொல்லிவிடும்.

5. பிளாக்கை இறக்குவது

அடி பேக்கிங்கைப் போட்டு, மரச் சட்டம் இரண்டையும் ராடின் இருபக்கமும் கிராங்க் கேஸ் மேல் வைத்து, பிஸ்டனை அதன்மேல் உட்கார வையுங்கள். பிஸ்டன், ரிங், போர் மூன்றுக்கும் 2டி ஆயில் பூசுங்கள்.

கடைசி முறையாக இரண்டு ஆணிகளையும் பாருங்கள். மேல் ரிங்கின் நுனிகளை விரலால் மூடிப் பிடித்துக்கொண்டு பிளாக்கை நேராக இறக்குங்கள். ஸ்லீவின் அடிவாய் சரிவாக இருப்பதால் ரிங் தானே சுருங்கி உள்ளே போகும். மேல் ரிங் போனதும் கீழ் ரிங்குக்கும் அதே போல். பிளாக் தன் எடையிலும் லேசான அழுத்தத்திலும் இறங்க வேண்டும். நின்றுவிட்டால் நீங்களும் நில்லுங்கள், தூக்கிப் பாருங்கள். தட்டி இறக்கினாலும், "கொஞ்சம் ஆட்டினா போயிடும்" என்று பிளாக்கை இடவலமாகத் திருப்பினாலும் ரிங் நுனி ஆணியிலிருந்து விலகி ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கும்.

சட்டத்தையும் துணியையும் எடுத்துவிட்டு, பிளாக்கை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாகக் கையால் தள்ளுங்கள். எக்ஸாஸ்ட் ஜன்னலில் ரிங் தெரியும்போது தீக்குச்சியின் மறுமுனையால் லேசாகக் குத்திப் பாருங்கள். உள்ளே போய்த் திரும்பி வந்தால் ரிங் உயிரோடு இருக்கிறது. அசையாவிட்டால் பிளாக்கைத் திரும்பத் தூக்குங்கள்.

6. மூடி ஓட்டுவது

ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக, இரண்டு மூன்று சுற்றாக, மேனுவல் சொல்லும் டார்க்குக்கு இறுக்குங்கள். ஆயில் பம்ப் குழாயைக் கழற்றியிருந்தால் உள்ளே உள்ள காற்றை வெளியேற்றுங்கள். முதல் டேங்குக்குப் பெட்ரோலிலும் கொஞ்சம் 2டி ஆயில் கலந்துகொள்ளலாம், புகை அதிகம் வந்தால் பரவாயில்லை. ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, முழுக்க ஆறவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. ஆறிய எஞ்சினில் ஹெட் நட்டுகளை ஒருமுறை சரிபார்த்துவிட்டு ரோட்டில் எடுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் திராட்டிலை முழுக்கத் திருகாமல், ஒரே வேகத்திலும் நீண்ட நேரம் பிடிக்காமல், ஏற்றி இறக்கி ஓட்டினால் ரிங் போரோடு நன்றாகப் படியும்.