மைதானத்தைப் புதுப்பிப்பவர்கள் செய்யும் தவறுகள்: தண்ணீர் எங்கே போய் விழும்?

போன வாரம் நெல்லைச் சீமையில், ஊர் நடுவே இருக்கும் ஒரு மைதானத்தில் இரண்டு இளம் பொறியாளர்கள் ஆட்டோ லெவல் என்னும் மட்டம் பார்க்கும் கருவியை வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். பழைய காலரியின் கடைசிப் படியில் சிவப்புப் பெயிண்டால் பெஞ்ச் மார்க் (மற்ற மட்டங்களை ஒப்பிடும் அடிப்படைப் புள்ளி) குறித்து, அங்கிருந்து ஆடுகளத்தின் நடுவுக்கும், நடுவிலிருந்து நான்கு ஓரங்களுக்கும் மட்டம் எடுத்திருந்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது.

"தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழும், தம்பி?" என்று கேட்டேன்.

"சுற்றிலும் வடிகால் இருக்கிறது, சார்." வரைபடத்தைக் காட்டினார்கள்.

"அந்த வடிகால் எங்கே போய் விழும்?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் வேலையை முடித்தேன். கலவையில் மணல் கூடுவது, கான்கிரீட்டை நனைத்து வைக்கும் கியூரிங்கில் சோம்பல் காட்டுவது போன்றவற்றை மேஸ்திரியே கண்டித்துவிடுவார். வரைபடத்தில் சரியாகத் தெரிந்து, மழை, காற்று, கூட்டம் வரும்போது மட்டும் வெளிப்படும் தவறுகளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

மைதானத்தைக் குளமாக்குவது

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அந்த மைதான வேலை இரண்டு ஒப்பந்தமாகப் பிரிந்திருந்தது. மதிலுக்கு உள்ளே எங்களுக்கு. வெளியே சாலை, நடைபாதை, வாகன நிறுத்தம், கடைகள் எல்லாம் வேறொருவருக்கு. ஓடுதளம் உள்பக்கமாக நூற்றுக்கு ஒன்று, ஓடும் திசையில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு மேல் சரியக் கூடாது என்பது சர்வதேச விதி. அதை நூல் பிடித்தாற்போலச் செய்தோம். உள்பக்கம் சரிவதால் ஓடுதளத்தின் தண்ணீர் முழுவதும் உள்வடிகாலுக்கு வரும். அங்கிருந்து வெளியேற ஒரே வழி, ஓடுதளத்துக்கு அடியில் புதைத்த குழாய். அதன் வாயைத் தெருவில் அப்போது இருந்த சாக்கடையின் மட்டத்துக்கு வைத்தேன். புரட்டாசியில் வேலை முடிந்தது.

வெளி வேலைக்கு வந்தவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டார்கள். சாலை உயர்ந்ததால் சாக்கடையையும் உயர்த்திக் கட்டினார்கள். அதன் அடித்தளம் எங்கள் குழாய் வாயைவிட ஒரு சாண் மேலே போய்விட்டது. ஐப்பசியின் முதல் பெருமழையில், தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய குழாய் தெருவின் தண்ணீரை உள்ளே கொண்டுவந்தது. விடிந்து போய்ப் பார்த்தேன். நீளம் தாண்டும் குழியில் நாங்கள் சலித்துக் கொட்டிய ஆற்று மணல்மேல் விரல் கனத்துக்குக் கறுப்புச் சேறு படிந்திருந்தது. அதில் ஒற்றைச் செருப்பும் பால் உறைகளும் கிடந்தன. ஸ்பைக் ஷூவைக் கையில் பிடித்தபடி ஒரு மாணவி ஓரத்தில் நின்றிருந்தாள். அடுத்த வாரம் அவளுக்கு மாவட்டப் போட்டி. சரிசெய்யப் புதிய ஓடுதளத்தையே குறுக்கே வெட்ட வேண்டியிருந்தது. ஒட்டுப் போட்ட இடம் ஒருநாளும் பழைய தளத்தோடு ஒன்றாகவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இன்னொன்றை எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னார்: "மேற்கு மூலையில் ஓர் ஓடை இருந்ததே, அதை என்ன செய்தீர்கள்?" வாகன நிறுத்தத்துக்காக அதை மண் போட்டு மூடியிருந்தார்கள். நில அளவைப் புலப்படத்தை எடுத்துப் பார்த்தால் 'ஓடைப் புறம்போக்கு' என்று இருந்தது. நாங்கள் யாருமே அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய் என்று தாமிரபரணியின் கால்வாய்களும் குளங்களும் பின்னிக் கிடக்கும் நாடு இது. நம் மைதானங்கள் பலவும் ஏதோ ஒரு வாய்க்காலின் வழியில்தான் இருக்கும்.

ஒரு ஹெக்டேர் பரப்பில் 10 செ.மீ. மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அள்ளினால் 83 நடைக்கு மேல். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அந்த அளவுக்கு எவராலும் வடிகால் கட்ட முடியாது. ஆனால் வழக்கமான ஐப்பசி, கார்த்திகை மழைக்கே மைதானம் நிரம்பினால் அது நம் குற்றம்.

ஆகவே அளவைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் விழும் குளத்துக்கோ கால்வாய்க்கோ நேரில் போங்கள். கோடையில் வறண்ட தரையை அளக்காதீர்கள். குளம் பெருகும்போது தண்ணீர் எதுவரை நிற்கும் என்று பாசனக்காரர்களிடம் கேட்டு, அந்த நிறைமட்டத்தை எடுங்கள். அங்கிருந்து மேல்நோக்கி வாருங்கள்: தெருச் சாக்கடை, குழாய் வாய், உள்வடிகால், கடைசியாக ஆடுகளம். பழைய தாரைச் சுரண்டிய பிறகே புதுத் தார் என்பதையும், சாக்கடையின் அடிமட்ட அளவையும் இரண்டு ஒப்பந்தங்களிலும் எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்ன வாக்கு ஒப்பந்தக்காரர் மாறும்போது மாறிவிடும்.

கூரையைக் கிழக்கில் போடுவது

பெரிய சாலை கிழக்கே இருக்கிறது, முகப்பு அழகாக இருக்கும் என்று நிழற்காலரியையும் கிழக்கிலேயே கட்டிவிடுகிறார்கள். மாலை ஆட்டத்தில் வெயில் முழுவதும் பார்ப்பவர்கள் முகத்தில் அடிக்கும். அதைவிட ஆபத்து, ஆனி ஆடியில் மலைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று. மேற்கே வாய் திறந்த தகரக் கூரைக்குள் அது புகுந்து, அடியிலிருந்து தூக்கும். கூரை மேற்கில் இருக்கட்டும், முதுகைக் காற்றுக்குக் காட்டட்டும்.

பழைய காலரிக்குப் பூச்சு மட்டும் பூசுவது

சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம்.

உள்பக்கம் திறக்கும் வாசல் கதவு

வேண்டவே வேண்டாம். கூட்டம் நெருக்கும்போது அதைத் திறக்க முடியாது.

மதிலைச் சுற்றிக் கடைகள்

வாடகை வரும் என்று மதில் நெடுக ஷட்டர் கடைகளைக் கட்டி, வாசலைச் சந்துபோல ஆக்கிவிடுகிறார்கள். அதே வேகத்தில் இத்தனை காலம் வாசலில் நுங்கும் பதநீரும் விற்றவர்களை அப்புறப்படுத்துகிறார்கள். ஆட்டம் முடிந்து வெளியே வருகிறவர் தேடுவது அவர்களைத்தான். வரைபடத்திலேயே அவர்களுக்கு நிழலும் ஒரு தண்ணீர்க் குழாயும் ஒதுக்குங்கள்.

வேம்பின் அடிமரம்வரை பேவர் பிளாக்

மரத்தைச் சுற்றி நான்கு அடிக்குக் கல் பதிக்காமல் மண் விடுங்கள்.