விடுப்பு எடுக்காமலே மனநல ஆலோசனை
அரசு ஊழியரோ அவர் வீட்டில் உள்ளவர்களோ மனநல ஆலோசனைக்குத் தனியாரிடம் பணம் கட்டும் முன் 14416-ஐ அழைத்துப் பாருங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய, போனிலேயே மனநல ஆலோசனை தரும் இந்த அரசு சேவைக்கு டெலிமானஸ் என்று பெயர், இலவசம். 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். ஆகவே விடுப்பு எழுத வேண்டாம், மேலதிகாரியிடம் காரணம் சொல்லி நெளிய வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்து மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிவிடலாம். தக்கலை–நாகர்கோவில் பஸ்ஸில் மட்டும் வேண்டாம். பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் துறையிலேயே இருப்பார், நம் கன்னியாகுமரி மாவட்டம் அவ்வளவு சிறியது. மாத்திரையோ மருத்துவ விடுப்புச் சான்றோ தேவைப்பட்டால் போன் மட்டும் போதாமல் போகலாம். அப்போது ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரில் போகலாம். உயிருக்கே ஆபத்து என்றால் உடனே 108.