வீட்டில் "அது சாத்தான் விளையாட்டு" என்று சொன்னால்

கிழக்கிலங்கையில் கல்லடியிலோ கல்முனையிலோ நாலு பிள்ளைகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டில் "நான் மந்திரவாதி, நீ அரக்கன்" என்று கதைத்தால் அம்மாவுக்கு நெஞ்சு பதறத்தான் செய்யும். போருக்குள் வளர்ந்தவர்கள் அந்த அம்மாமார், பிள்ளையை யாரும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தோடே இருந்தவர்கள். தம்பி தங்கச்சிமாரே, அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இந்த விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வந்தது. ஒருவர் கதை சொல்லுவார், மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்லுவார்கள், அது பலிக்குமா என்று தாயக்கட்டை காட்டும், அவ்வளவுதான். 1979இல் மிச்சிகனில் ஒரு மாணவன் காணாமல் போனபோது, இதை விளையாடப் போய்த்தான் தொலைந்தான் என்று பத்திரிகைகள் எழுதின. அவன் மனச்சோர்வோடு போராடிய பிள்ளை என்பது பிறகுதான் வெளியே வந்தது, ஆனால் அதற்குள் பழி விளையாட்டின் மேல் விழுந்துவிட்டது. 1980களில் அது அங்கே பெரிய மதப் பீதியாகவே மாறியது.

இதையெல்லாம் வீட்டில் பிரசங்கம் வைக்க வேண்டாம். வேத வசனத்துக்கு எதிர்வசனம் தேடவும் வேண்டாம், வாதத்தில் வென்றாலும் விளையாட விடமாட்டார்கள். விறாந்தையில் இருந்து விளையாடுங்கள், எல்லாரும் பார்க்கட்டும். விதிப்புத்தகத்தில் பேய்ப் படம் இருந்தால் அந்தப் பக்கத்தை நீங்களே முதலில் காட்டுங்கள். பேயே வராத கதையையும் ஆடலாம், கடற்கொள்ளைக்காரரை வையுங்கள். பயம் பேய்க்கா, படிப்புக்கா, கூட்டாளிமாருக்கா என்று அமைதியாகக் கேளுங்கள், பல வீடுகளில் ஓஎல் சோதனைதான் உண்மையான கவலை. அப்படியென்றால் சனிக்கிழமை பின்னேரம் மட்டும் என்று ஒத்துக்கொள்ளுங்கள், சொன்ன நேரத்துக்கு முடித்தும் காட்டுங்கள்.

அப்பப்பா இருந்தால் அவரைப் பக்கத்தில் இருத்துங்கள். வடமோடிக் கூத்தில் விடிய விடிய துரியோதனனுக்கு ஆடினவர் காலையில் வயலுக்குப் போனதை அவர் கண்ணால் பார்த்திருப்பார், அவர் சொன்னால் அப்பா கேட்பார்.

தாயக்கட்டை உருட்டுவதே கூடாது என்று நம்பும் வீடு என்றால் அதை மதியுங்கள். எண் எழுதிய துண்டுகளைக் குலுக்கி எடுக்கலாமா என்று வாப்பாவிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அப்படியும் வேண்டாம் என்றால் ஒளித்து விளையாடாதீர்கள், பிடிபட்டால் பழைய சந்தேகம் உறுதியாகிவிடும். சோதனை முடிய மறுபடி கேளுங்கள். ஆனால் இதற்காக அடி விழுகிறது, பள்ளிக்கூடம் போக விடுகிறார்கள் இல்லை என்றால் பொறுத்திருக்க வேண்டாம்: நம்பிக்கையான மாமாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள், அல்லது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.