35-ஐத் தாண்டியபின் உடற்பயிற்சியால் முட்டி வலியா? ஓய்வு மட்டும் போதாது

பல வருட இடைவெளிக்குப் பிறகு ஓட ஆரம்பித்தவர்களுக்கும், ஜிம்மில் எடையைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்கும் ஒன்றிரண்டு மாதத்தில் முட்டி வலி வருவது சகஜம். உடனே 'தேய்மானம்' என்று பயப்பட வேண்டாம். மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் பழக மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் தூரத்தையோ எடையையோ கூட்டிவிடுகிறோம். முழு ஓய்வு எடுத்தால் வலி அடங்கும், ஆனால் தொடைத் தசையும் இளைத்துவிடும். திரும்பத் தொடங்கியதும் வலி மறுபடி வருவது அதனால்தான்.

முதலில் எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். முட்டிச் சில்லைச் சுற்றியோ பின்னாலோ மந்தமாக வலித்து, படி இறங்கும்போதும் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் அதிகமானால், சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே அழுத்தம் கூடியிருக்கிறது. இதுதான் அதிகம் பேருக்கு வருவது. சில்லின் கீழ் நுனியில் ஒரே விரலால் தொட்டுக் காட்ட முடிந்து, குதித்தால் வலித்தால், பிரச்சினை தசைநாணில். ஓட்டத்தில் குறிப்பிட்ட தூரம் வந்ததும் முட்டியின் வெளிப்பக்கம் எரிந்தால், வெளித்தொடையிலிருந்து இறங்கும் பட்டையைச் சந்தேகிக்கலாம். உடம்பைத் திருப்பும்போது மூட்டின் உள்பக்கம் சுருக்கென்றால், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வில் பிரச்சினை இருக்கலாம்.

முட்டி திருகி சில மணி நேரத்திலேயே வீங்கினாலோ, நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, திடீரென மடங்கி விழவைத்தாலோ, நாலு அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ அன்றைக்கே போக வேண்டும். வலியில்லாத 'டக் டக்' சத்தத்துக்குப் பயப்படத் தேவையில்லை. 40 வயதுக்கு மேல், வலியே இல்லாத முட்டியை எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் ஜவ்வில் சிறு கிழிசல் தெரிவதுண்டு. அறிக்கையை மட்டும் வைத்து அறுவை சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள்.

முதல் இரண்டு வாரம் பயிற்சியை நிறுத்தாமல் பாதியாகக் குறையுங்கள். குதிப்பது, இறக்கத்தில் ஓடுவது, ஆழமாகக் குந்துவது மூன்றையும் விட்டுவிடுங்கள். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்தால், பயிற்சியின்போது 3 வரை பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி பழைய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் முந்தைய நாள் செய்தது அதிகம். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இருக்கையைக் கவனியுங்கள்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதைவிட இருக்கை தாழ்ந்திருந்தால் முட்டியின் முன்பக்கம்தான் அடிவாங்கும்.

இனி வலுவேற்றும் பயிற்சிகள். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும்.

சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களை ஓரிரு அடி முன்னே வைத்து, பாதி உட்கார்ந்த நிலையில் 45 நொடி நில்லுங்கள். 2 நிமிட இடைவெளியோடு 5 தடவை. தசைநாண் வலிக்கு இது நன்றாகக் கேட்கும். சில்லு வலித்தால் இன்னும் குறைவாக மடக்குங்கள்.

அடுத்து, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, 12 வீதம் 3 சுற்று. கால்விரல்கள் முன்னோக்கியே இருக்கட்டும். கூரையைப் பார்த்துத் திரும்பினால் இடுப்பின் முன்தசை வேலையைப் பிடுங்கிக்கொள்ளும், பக்கத்துப் பிட்டத் தசைக்கு எதுவும் கிடைக்காது.

மூன்றாவது, படியிலிருந்து மெதுவாக இறங்குவது. இதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். 10 செ.மீ. உயரமே போதும். கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று, 3 நொடி எடுத்துக்கொண்டு, மறுகாலின் குதிகால் தரையைத் தொடும்வரை இறங்குங்கள். நிற்கும் காலின் முட்டி பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். அது உள்ளே சாய்ந்தாலோ, இடுப்பு ஒருபக்கம் இறங்கினாலோ படி அதிக உயரம். தொட்ட காலால் உந்தி எழுவது ஏமாற்று வேலை; பாரம் முழுக்க மேல்காலிலேயே இருக்கட்டும். 8 வீதம் 3 சுற்று. 12 வரை சுலபமானதும் உயரத்தை 15, பிறகு 20 செ.மீ. ஆக்குங்கள். தெளிவான மாற்றம் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம். மூன்றாம் வாரத்தில் அலுத்துப்போய் விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

ஓடுவதற்கு முன் வலிமாத்திரை போடவே கூடாது. எச்சரிக்கை மணியை நாமே அணைத்த மாதிரி ஆகிவிடும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம். உடல் எடை அதிகமிருந்தால், 1 கிலோ குறைத்தாலே ஒவ்வொரு அடியிலும் முட்டிக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறையும்.

30 நிமிடம் வலியில்லாமல் வேகமாக நடக்க முடிந்தால் திரும்ப ஓடலாம். 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, இப்படி 8 முறை. ஒருநாள் விட்டு ஒருநாள். நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் அதே வேகத்தில் 168 அடி வைத்துப் பார்க்கலாம். ஒவ்வோர் அடியின் நீளமும் குறுகி முட்டியின் சுமை குறையும். ஒரே வாரத்தில் தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கூட்டாதீர்கள். முதலில் தூரம், அது பழகிய பிறகே வேகம்.