பட்டில் கறை விடாத ஹேண்ட் க்ரீம்: பார்த்து வாங்குவது எப்படி?

கைத்தோல் காய்ந்திருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது பட்டுதான். கண்ணுக்கே தெரியாத தோல் பிசிறில் நூல் சிக்கும். ஆரி வேலைக்குப் பட்டு நூலை இழை பிரிக்கும்போது விரல் நுனியில் ‘சரக் சரக்’கென்று ஒரு சத்தம் வரும். சரி, க்ரீம் தடவிக்கொண்டு உட்காரலாம் என்றால் வேறு வில்லங்கம். வெளிர் ரோஜா நிறத் துணியில் கட்டைவிரல் ரேகை அப்படியே எண்ணெயாக இறங்கி நிற்கும். துணி நம்முடையதாக இருந்தாலாவது பரவாயில்லை, கல்யாண வீட்டு ப்ளவுஸ்!

மதுரையில் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவர்கள், ஆரி போடுகிறவர்கள், புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்போம். எங்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள், ரூபாய் நோட்டு எண்ணுகிறவர்கள், ரேகை வைத்துப் போனைத் திறக்கிறவர்கள் யாருக்கும் இதே கணக்குதான்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரே டியூப் பகலுக்கும் ராத்திரிக்கும் சரிப்படாது. பகலில் கை வேலை செய்யணும், அதற்கு ஒட்டாத க்ரீம். ராத்திரி தோல் தேறணும், அதற்கு ஒட்டினாலும் குற்றமில்லை. இந்த இரண்டு வேலையையும் ஒன்றின் தலையில் கட்டுவதால்தான் பலரும் க்ரீம் மாற்றி க்ரீம் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

படி 1: இது வெறும் வறட்சிதானா?

வெளிச்சத்தில் இரண்டு கையையும் நீட்டிப் பாருங்கள். இரண்டு கையிலும் ஒரே அளவுக்கு வெள்ளை பூத்திருக்கிறது, கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கிறது, புறங்கையில் மெல்லிய கோடுகள் தெரிகின்றன என்றால் பெரும்பாலும் சாதாரண வறட்சி. மேலே படிக்கலாம்.

ஒரு கையில் மட்டும் இருக்கிறது, வட்டமாக ஓரம் சிவந்திருக்கிறது, விரல் பக்கவாட்டில் சின்னச் சின்ன நீர்க் கொப்புளம் வந்து அரிக்கிறது, விரல் இடுக்கு வெளுத்து ஊறியிருக்கிறது, வெடிப்பில் ரத்தம் வருகிறது என்றால் க்ரீம் தேடும் வேலையை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் போங்கள். பெரியாஸ்பத்திரியிலேயே தோல் பிரிவு இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் கையில் வெடிப்பு வந்தால் தள்ளிப்போடவே கூடாது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ‘அரிப்புக்கு, கருப்புக்கு, எல்லாத்துக்கும் கேட்கும்’ என்று சில டியூப்களைத் தெரிந்தவர்கள் கைமாற்றிக் கொடுப்பார்கள். அட்டையில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு மருந்து. இரண்டு நாளில் கை பளபளக்கும். டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். அதை ஹேண்ட் க்ரீம் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

படி 2: கையைக் காயவைப்பது எது?

உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. முகத்தைப் போல அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளாது. நம் தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது, பி.ஹெச். சுமார் 5. சாதாரண சோப்புக்கட்டி காரத் தன்மை உள்ளது, 9, 10 வரை போகும். ஒவ்வொரு கழுவலிலும் மேல்தோலில் இருக்கிற கொஞ்ச எண்ணெயும் போய்விடும். போர் தண்ணி உப்பாக இருக்கிற ஏரியா என்றால் சோப்பு நுரைக்காது, அந்த உப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவாகக் கையிலேயே தங்கும். பக்கெட் ஓரத்தில் படிகிற அதே வெள்ளைதான். போதாததற்கு ஆடிக் காற்று.

அதனால் க்ரீம் வாங்குவதற்கு முன்னால், பாத்திரம் விளக்கவும் துணி அலசவும் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிவிடுங்கள். கை கழுவச் சோப்புக்கட்டிக்குப் பதிலாக மென்மையான லிக்விட் வைத்துக்கொள்ளலாம். முடிந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் குழாயில் வரும் நல்ல தண்ணி. இதைச் செய்யாமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அடுத்த பாத்திரம் விளக்கலில் எல்லாம் போய்விடும்.

படி 3: டியூப்பைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள்

முன்பக்கம் ‘நான்-கிரீசி’ (பிசுபிசுக்காதது) என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற பட்டியல்தான் நிஜம் பேசும். எது அதிகமோ அது முதலில் வரும், அடுத்தடுத்து குறைந்துகொண்டே போகும். ஒரு சதவீதத்துக்கும் கீழே இருப்பவற்றை மட்டும் எந்த வரிசையிலும் போடலாம். அதனால் முதல் ஆறு பெயர்களைப் படித்தாலே முக்கால்வாசி விஷயம் தெரிந்துவிடும். எழுத்து மிகப் பொடியாக இருந்தால் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

க்ரீமில் மூன்று வேலைக்கு ஆள் வேண்டும். ஈரத்தை இழுத்துப் பிடிக்க ஒன்று: கிளிசரின், யூரியா, ஹயலுரானிக் ஆசிட், பாந்தெனால். பிசிறை மிருதுவாக்க ஒன்று: ஷியா பட்டர், ஸ்குவாலேன், சீட்டைல் ஆல்கஹால். உள்ளே போன ஈரம் ஆவியாகாமல் மேலே மூடி போட ஒன்று: பெட்ரோலேட்டம் (பெட்ரோலியம் ஜெல்லிதான்), லிக்விட் பாராஃபின், தேன்மெழுகு, டைமெதிகோன்.

ஒட்டுகிறதா இல்லையா என்பதை இந்த மூடி போடுகிற ஆள்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. பெட்ரோலேட்டமோ பாராஃபினோ தண்ணீருக்கு அடுத்த இடத்திலேயே நின்றால் அது ராத்திரி க்ரீம், பட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். டைமெதிகோன் ஒரு சிலிக்கோன். தோலின் மேல் வழுவழுவென்று மெல்லிய படலமாகப் படியும், பிசுபிசுக்காது. பகல் க்ரீமில் நான் முதலில் தேடுவது அதைத்தான். டாபியோகா ஸ்டார்ச், சிலிக்கா என்று இருந்தால் இன்னும் நல்லது. மிச்ச எண்ணெயை அவை உறிஞ்சிக்கொள்ளும், விரல் பவுடர் போட்டது போல் இருக்கும்.

கிளிசரின் மேல் சிலருக்குக் கோபம் உண்டு, ‘பிசின் போல ஒட்டுது’ என்பார்கள். அளவு மிஞ்சினால் ஒட்டத்தான் செய்யும். ஆனால் விலை குறைவில் இவ்வளவு வேலை செய்கிற பொருள் வேறு இல்லை. உலக சுகாதார நிறுவனம் கொடுத்த சானிடைசர் செய்முறையிலேயே கை காயாமல் இருக்க 1.45 சதவீதம் கிளிசரால் (கிளிசரினின் இன்னொரு பெயர்) உண்டு. கிளிசரின் இரண்டாவதோ மூன்றாவதோ வந்து, அடுத்த சில பெயர்களுக்குள் டைமெதிகோனும் இருந்தால் தாராளமாக வாங்கிப் பார்க்கலாம்.

அடுத்தது ஆல்கஹால். இதில்தான் புதிதாகப் படிக்கிறவர்கள் குழம்புவார்கள். சீட்டைல் ஆல்கஹால், சீட்டோஸ்டியரில் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால் மூன்றும் மெழுகுபோன்ற கொழுப்புப் பொருட்கள். கையைக் காயவைக்காது, பயம் வேண்டாம். ‘ஆல்கஹால் டினாட்’ என்று இருந்தால் அது வேறு சாதி, ஸ்பிரிட்டுதான். தடவிய உடனே ஜில்லென்று ஆவியாகிப் போவதால் ‘ஆஹா, ஒட்டவே இல்லை’ என்று தோன்றும். வெடித்த கையில் எரியும், நாளாக நாளாக வறட்சியும் கூடும். ஒட்டாத க்ரீம் என்று விற்கிறவற்றில் இதையும் தேடிப் பாருங்கள், முதல் ஆறுக்குள் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

தையல்காரர்களுக்கு யூரியா நல்ல துணை. 5 முதல் 10 சதவீதம் வரை உள்ளது கைக்குப் போதும். ஊசி தள்ளித் தள்ளி விரல் நுனி உப்புத்தாள் மாதிரி ஆகியிருந்தால் அதை நன்றாக மிருதுவாக்கும். 20, 40 சதவீதம் என்று போட்டது குதிகால் வெடிப்புக்கானது, கைக்கு அவ்வளவு தேவையில்லை. வெடிப்பு இருக்கும்போது யூரியா சுரீரென்று எரியும், அது ஆறின பிறகு தொடங்குங்கள்.

வாசனை? எனக்கு வேண்டாம். பர்ஃப்யூம், ஃபிரேக்ரன்ஸ் என்று பட்டியலில் இருந்தால் சிலருக்கு அரிப்பு வரும். அதோடு துணியிலும் அந்த மணம் ஏறும். வாடிக்கையாளர் ப்ளவுஸை மோந்து பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்.

படி 4: கடையில்

மெடிக்கலில் “தம்பி, கைக்குப் போடுற க்ரீம் குடுங்க” என்றால் முகத்துக்குப் போடுகிறதைத்தான் எடுத்து வைப்பார்கள். “டைமெதிகோன் உள்ளது, வாசனை இல்லாதது, சின்ன டியூப்” என்று கேளுங்கள். “அப்படியெல்லாம் யாரும் கேட்டதே இல்லையேக்கா” என்று சிரிப்பார், ஆனால் நாலைந்து டியூப்பை எடுத்து முன்னால் போடுவார். நின்று நிதானமாகப் படியுங்கள்.

முதல் தடவை இருப்பதிலேயே சின்னது. பிடித்த பிறகு கிராம் கணக்குப் பார்த்துப் பெரியது வாங்கலாம். 30 கிராம் 150 ரூபாய் என்றால் கிராம் 5 ரூபாய். அதே சரக்கு 100 கிராம் 300 ரூபாய் என்றால் கிராம் 3 ரூபாய். டப்பாவைவிட டியூப் நல்லது. டப்பாவுக்குள் அழுக்கு விரல் போகும், சாக் தூள் போகும், நூல் துண்டுகூடப் போகும். தயாரித்த தேதி, காலாவதி தேதி இரண்டையும் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

படி 5: பேப்பர் சோதனை

முதலில் முழங்கைக்குக் கீழே உள்பக்கம் ஒரு பொட்டு அளவு தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவப்பு, அரிப்பு இல்லையென்றால் கைக்கு வரலாம்.

நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் பேப்பரை ஒரு துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். கையில் க்ரீம் தடவி ஐந்து நிமிஷம் கழித்துக் கட்டைவிரலை அதில் அழுத்தி எடுங்கள். உடனே ஒரு ஈரத்தடம் தெரியும், அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தண்ணீர் தடம் கொஞ்ச நேரத்தில் காய்ந்து மறையும். எண்ணெய்த் தடம் மறையாது. கால் மணி நேரம் கழித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பேப்பரைப் பிடித்துப் பாருங்கள், எண்ணெய் இறங்கிய இடம் மட்டும் கண்ணாடித்தாள் போல் ஊடுருவித் தெரியும். தெரிந்தால் அந்த டியூப் ராத்திரிக்கு.

பேப்பரில் பாஸ் ஆனால் வெட்டிப் போட்ட பட்டுத் துண்டு ஒன்றில் இதையே செய்து மறுநாள் வரை விட்டுவையுங்கள். வெளிர் நிறத் துண்டாகப் பாருங்கள், அடர் மெரூனில் எதுவும் தெரியாது. விசிறிக்குக் கீழே ஒரு தடவை, வியர்க்கிற சமையலறையில் ஒரு தடவை பார்ப்பதும் நல்லது. சித்திரை வெயிலில் வியர்வையோடு சேரும்போது சில க்ரீம் வெள்ளையாகத் திரியும்.

படி 6: தடவும் முறை

நல்ல க்ரீமும் ஒட்டுவதற்கு முக்கியக் காரணம் அளவு. ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். பகலில் இரண்டு கைக்கும் சேர்த்து அது போதும்.

கை கழுவி, ஒற்றித் துடைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே தடவுங்கள். முதலில் புறங்கையோடு புறங்கையைத் தேயுங்கள், பிறகு விரல் கணு, நக ஓரம். உள்ளங்கைக்கும் விரல் நுனிக்கும் கடைசியில் மிச்சம் மீதி இருந்தால் போதும். துணியைத் தொடுவது அந்தப் பகுதிதானே! பிறகு ஐந்து நிமிஷம் நூல் கோர்க்காமல் பட்டன், கொக்கி எண்ணி வைப்பது, அளவு நோட்டைப் பார்ப்பது என்று இருங்கள். நான் மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் போடுவதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

ராத்திரிக்கு

இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். பெட்ரோலியம் ஜெல்லி மலிவு, ஈரத்தைப் பூட்டி வைப்பதில் அதை மிஞ்சுவது கஷ்டம். பகல் க்ரீமைத் தடவி, அதன் மேல் ஜெல்லியைப் பூசி, பழைய காட்டன் கையுறையோ சாக்ஸோ மாட்டிக்கொண்டு படுங்கள். தேங்காய் எண்ணெயும் ஆகும், கொஞ்சம் லேசானது. காலையில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் மெஷின் பக்கம் போகணும்.

பன்னீரும் கிளிசரினும் கலந்து வைத்துக்கொள்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, தப்பில்லை. கிளிசரினை மட்டும் தனியாகப் பூசாதீர்கள், காற்று காய்ந்திருக்கும்போது தோலின் அடியிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அந்தக் கலவையில் எலுமிச்சைச் சாறு பிழிவதை விட்டுவிடுங்கள். எலுமிச்சை பட்ட கையோடு நம்ம ஊர் வெயிலில் போனால் கொப்புளம் போடும், கருந்தழும்பு விழும், அது மறைய மாதக்கணக்காகும்.

துணியில் பட்டுவிட்டால்

தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள், பட்டில் தண்ணீரே இன்னொரு வட்டம் போடும். இஸ்திரியும் கூடாது, சூட்டில் கறை நிலைத்துவிடும். டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, வெள்ளை டால்கம் பவுடரைக் கறை மேல் தாராளமாகத் தூவி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் மெத்தென்ற பிரஷால் தட்டி எடுங்கள். இன்னும் தெரிந்தால் மறுபடி ஒருமுறை. அதற்கும் போகாவிட்டால் ட்ரை கிளீனிங்கில் கொடுக்கும்போது “எண்ணெய்க் கறை, க்ரீம் பட்டது” என்று இடத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள். ஜரி பக்கம் பட்டிருந்தால் பவுடர் வைத்தியத்தைக்கூட முதலில் உள்மடிப்பில் செய்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.