பிரெஞ்சு பஸ்ஸே சேம்ப்ள்: வேண்டாத எழுத்து எங்கெங்க வந்து ஒட்டிக்குது

பிரெஞ்சுல பேசவும் மெயில் எழுதவும் ஓரளவு வந்தப்புறம் சரி ஒரு நாவலைப் படிப்போம்னு எடுத்தா முதல் பக்கத்துலயே பழக்கமில்லாத ஒரு இறந்தகாலம் வந்து நிக்கும், அதான் பஸ்ஸே சேம்ப்ள். சாதாரண பேச்சுல இதை யாரும் யூஸ் பண்றதில்ல, கதை, சரித்திரம், வாழ்க்கை வரலாறு, சில பத்திரிகை கட்டுரைன்னு எழுத்துலதான் ஓடிட்டிருக்கு. ரெகுலர் வினைச்சொல்லுக்கு இதோட விகுதிகள் நிஜமாவே ஈஸி, துணைவினை எதுவும் வேண்டாம், நாம பேசினேன்னு சொல்ற மாதிரி ஒரே வார்த்தையில முடிஞ்சிடும். ஆனாலும் தப்பு குவியுது. நான் பாத்தவரைக்கும் அதுல முக்கால்வாசி ஒரே ரகம்தான்: பக்கத்துல இருக்குற வேற காலத்துலேருந்து ஒரு எழுத்தைத் தூக்கிட்டு வந்து இங்க ஒட்டிடுறது.

எழுத்துக்கூட்டுற இடத்துல இங்கிலீஷ் எழுத்துப் பேரையே வச்சுக்குறேன், முதல் எழுத்து ஏ, அஞ்சாவது ஈ, ஒம்பதாவது ஐ, குழப்பிக்காதீங்க.

பார்லே, அதாவது பேசுறது, ஈ-ஆர்ல முடியுற கூட்டத்தோட ஆளு. கடைசி ஈ-ஆரை வெட்டிட்டு ழ-வுக்கு (நான்) ஏ-ஐ, த்யூ-வுக்கு (நீ) ஏ-எஸ், இல்லுக்கு (அவன்) வெறும் ஏ, நூ-வுக்கு (நாம) தொப்பி, அதாவது ^ குறி, வச்ச ஏ அப்புறம் எம்-ஈ-எஸ், வூ-வுக்கு (நீங்க) தொப்பி வச்ச ஏ அப்புறம் டி-ஈ-எஸ், பன்மை இல்லுக்கு (அவங்க) ஆக்சான் கிராவ், அதாவது மேல ` குறி, போட்ட ஈ அப்புறம் ஆர்-ஈ-என்-டி. காதுக்கு பார்லே, பார்லா, பார்லா, பார்லாம், பார்லாத், பார்லேர். அவ்ளோதான்.

இப்போ தப்புக்கு வருவோம். நம்பர் ஒன், இல் பார்லா-வோட கடைசில ஒரு டி சேக்குறது. ஏன் வருதுன்னு பாத்தா பாவம் ரெண்டு பக்கமும் அந்த டி இருக்கு, எம்பர்ஃபேல, அதாவது பேசிட்டிருந்தான்னு சொல்ற இறந்தகாலத்துல, இல் பார்லேன்னு எழுதும்போது டி உண்டு, இதே பஸ்ஸே சேம்ப்ள்லயே இல் ஃபினி-க்கு (அவன் முடிச்சான்) டி உண்டு, அதனால கை தானா போட்டுடும். இது போதாதுன்னு கதைகள்ல வசனம் முடிஞ்ச உடனே தமாந்தா-தில், அப்படின்னா "என்று கேட்டான்", இப்படி பக்கத்துக்குப் பக்கம் வரும். அங்க ரெண்டு கோடுக்கு நடுவுல தனியா நிக்குற டி வினையோடது கிடையாது, ஏ-வும் இல்லும் மோதாம இருக்க உச்சரிப்புக்காகப் போட்டது, கர்த்தாவை முன்னாடி கொண்டுவந்தா அந்த டி காணாம போயிடும், இல் தமாந்தா. ஆனா ரெப்போந்தி-தில், "என்று பதில் சொன்னான்", இதுல இருக்குற டி வினையோட சொந்த டி, அதனால ஒரே ஒரு கோடுதான் வரும், கூட இன்னொரு டி வராது. இந்த ரெண்டையும் அடுத்தடுத்து ஒரு தடவை கையால எழுதிப் பாருங்க, விஷயம் பிடிபட்டுடும். இன்னொண்ணு, பார்லா-ல ஏ மேல தொப்பி வச்சு டி போட்டா அது தப்பான வார்த்தைகூட இல்ல, சப்ஜோங்க்டிஃப்ங்குற வேற வினை வகையோட எம்பர்ஃபே ஆயிடும், ஸ்பெல் செக்கர் சிவப்புக் கோடு போடாம விட்டாலும் விடும்.

அடுத்தது எஸ். ழ பார்லே, ஏ-ஐ-யோட எழுதினா பஸ்ஸே சேம்ப்ள், ஏ-ஐ-எஸ் எழுதினா எம்பர்ஃபே. ஒண்ணு மூடின ஏ, இன்னொண்ணு திறந்த ஏன்னு புத்தகம் சொல்லும், ஆனா பிரெஞ்சுக்காரங்கள்லயே நிறைய பேர் வித்தியாசம் காட்டுறதில்ல, அதுலயும் தெற்குப் பக்கத்து உச்சரிப்புல சுத்தமா கிடையாது, அதனால காதை நம்பி எழுத முடியாது. வழி என்னன்னா ழ-வை எடுத்துட்டு அந்த இடத்துல இல்-ஐப் போட்டுப் பாருங்க. பார்லா பொருந்துதுன்னா எஸ் வேண்டாம், பார்லேதான் பொருந்துதுன்னா எஸ் போடுங்க. இதே குழப்பத்துலதான் அவ்வார்ங்குற துணைவினையையும் கூட சேத்து ழே பார்லே-ன்னு ஏ-ஐ போட்டு எழுதுறவங்களும் இருக்காங்க. அது பஸ்ஸே கொம்போஸே, பேச்சுல வர்ற துணைவினை சேந்த இறந்தகாலம், அங்க வர்றது ஆக்சான் போட்ட ஈ, பஸ்ஸே சேம்ப்ள் எப்பவும் தனியாத்தான் வரும்.

ஆர்-ஈ-ல முடியுற வினைகள்ல வேற கதை. பார்லா நல்லா மனசுல உக்காந்ததும் எல்லாத்துக்கும் ஆ போட ஆரம்பிச்சிடுவாங்க, வாந்த்ர்-னா விக்கிறது, அதை இல் வாந்தான்னு எழுதுவாங்க, பிரான்ஸ்ல சின்னப் பசங்களே இந்த மாதிரி ஆ போடுறது சகஜம். சரியானது இல் வாந்தி. ஆமா, வாந்தியேதான், தமிழ்க் காதுக்கு இதைவிட ஞாபகம் நிக்குற வடிவம் இந்த மொழியிலயே இருக்காது. ஆத்தாந்த்ர் ஆத்தாந்தி, ரெப்போந்த்ர் ரெப்போந்தி, தெஸாந்த்ர் தெஸாந்தி, எல்லாம் அதே வாந்தி குடும்பம். விகுதி ஐ-எஸ், ஐ-எஸ், ஐ-டி, பன்மையில தொப்பி வச்ச ஐ-யோட எம்-ஈ-எஸ், டி-ஈ-எஸ், கடைசில தொப்பியில்லாம ஐ-ஆர்-ஈ-என்-டி. ஆ சத்தம் ஈ-ஆர் கூட்டத்துக்கு மட்டும்தான்.

ஐ-ஆர் கூட்டத்துக்கும் இதே விகுதிதான், ஃபினிர் எடுத்துக்கோங்க. இங்க வர்ற தப்பு நிகழ்காலத்துலேருந்து டபுள் எஸ்ஸை இழுத்துட்டு வர்றது, நூ ஃபினிஸோன், இல் ஃபினிஸ் எல்லாம் நிகழ்காலம், பஸ்ஸே சேம்ப்ள்ல அந்த டபுள் எஸ்ஸுக்கு வேலையே கிடையாது, நூ ஃபினீம், இல் ஃபினீர். ஒருமையில நிகழ்காலமும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு, இல் ஃபினின்னா முடிக்கிறானா முடிச்சானான்னு அந்த வார்த்தையைப் பாத்து சொல்லவே முடியாது, முன்னாடி பின்னாடி இருக்குற வினைகளைப் பாத்துத்தான் முடிவு பண்ணணும். படிக்கும்போது இதுலதான் நிறைய பேர் தடுக்கி விழுறாங்க, எழுதுறப்போ பிரச்சனையே இல்ல.

பார்லேர்-ல ரெண்டு சின்ன ஆபத்து. ஆக்சான் கிராவை மறந்துடுறது ஒண்ணு. இன்னொண்ணு எதிர்காலத்து பார்லரோன், அது ஓ-என்-டி-ல முடியும், ஒரு ஓ மாறினா போதும் பேசினார்கள் பேசுவார்கள் ஆயிடும். ஒருமையிலயும் அப்படித்தான், பார்லா பேசினான், பார்லரா பேசுவான், நடுவுல அந்த ஈ-ஆர் இருந்தா எதிர்காலம்.

மான்ழே (சாப்பிடுறது), கொமான்சே (ஆரம்பிக்கிறது) மாதிரி ஜி-ஈ-ஆர், சி-ஈ-ஆர்ல முடியுறதுக்கு கொஞ்சம் நின்னு யோசிக்கணும். விகுதி ஏ-ல ஆரம்பிச்சா சத்தம் மாறாம இருக்க ஜி-க்கு அப்புறம் ஒரு ஈ, சி-க்கு கீழ செடில்லாங்குற சின்ன வால். ஆறு வடிவத்துல அஞ்சு ஏ-ல ஆரம்பிக்குது, அதனால எல்லாத்துக்கும் போடணும்னு முடிவு பண்ணிடுவாங்க, ஆறாவது மான்ழேர், அதுல ஈ விகுதிலயே வந்துடுது, எக்ஸ்ட்ரா ஈ போட்டா தப்பு, கொமான்சேர்-ல செடில்லா போட்டாலும் தப்பு. அதே சமயம் நிகழ்காலத்துல படுத்துற ஆப்லே (கூப்பிடுறது), ழ்தே (எறியுறது), அஷ்தே (வாங்குறது) எல்லாம் இங்க சாது. ஆப்லா-வுக்கு ஒரே எல், ழ்தா-வுக்கு ஒரே டி, அஷ்தா-வுக்கு ஆக்சான் கிடையாது. இன்னும் கேட்டா நிகழ்காலத்துல தலைகீழா மாறுற ஆலே கூட, போறதுன்னு அர்த்தம், இங்க பார்லா மாதிரியே இல் ஆலா, இல் ஆலேர்னு ஒழுங்கா வந்துடும்.

தொப்பி நூ-வுக்கும் வூ-வுக்கும் மட்டும். 1990 எழுத்துச் சீர்திருத்தம் ஐ, யு மேல இருக்குற தொப்பியை நிறைய வார்த்தையில எடுத்துடலாம்னு சொல்லிச்சே, அப்போ ஃபினீம்-லயும் எடுத்துடலாமேன்னு கேப்பாங்க, கூடாது, வினை விகுதிகளை அந்த சீர்திருத்தமே தெளிவா விலக்கி வச்சிருக்கு. ஆனா உண்மையைச் சொன்னா நூ, வூ வடிவத்தை மனப்பாடம் பண்றதுல ஆரம்பத்துல நேரத்தைக் கொட்டாதீங்க. கதையில வர்றது பெரும்பாலும் இல், எல் (அவள்), அதோட பன்மை. பிரான்ஸ்லயே 2016-ல வந்த பள்ளிப் பாடத்திட்டம் சின்ன வகுப்புகளுக்கு மூணாம் இட வடிவங்களை மட்டும் வச்சுது, அதுக்கே பெரிய சண்டை நடந்துச்சு, என்னைக் கேட்டா கத்துக்குறவங்களுக்கு அந்த வரிசைதான் சரி.

விகுதி எல்லாம் சரியா இருந்தும் எங்க யூஸ் பண்றதுன்னு தெரியாம கெடுக்குறது தனி. ஒரு குட்டி சீன் பாருங்க. ராஜா தூங்கிட்டிருந்தார், ல ருவா தொர்மே, இது பின்னணி, எம்பர்ஃபே. கதவு திறந்துச்சு, லா போர்த் சூவ்ரி, வீரர்கள் உள்ள வந்தாங்க, லே சொல்தா ஆந்த்ரேர், ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா நடக்குற சம்பவம், இது ரெண்டும் பஸ்ஸே சேம்ப்ள். யார் கதவைத் திறந்தது, கி ஆ உவேர் லா போர்த், இது ராஜா வாயால வர்றது, அதனால பஸ்ஸே கொம்போஸே, உடனே தமாந்தா-தில்னு கதைசொல்லி குரல் திரும்பி வந்துடும். மூணு காலமும் நாலு வரியில. தூங்கினதை தொர்மீ-ன்னு போட்டா தூங்கி முடிச்சிட்டு எந்திரிச்ச மாதிரி ஆயிடும், ராஜா வசனத்துல பஸ்ஸே சேம்ப்ள் போட்டா அந்த ஆள் கல்வெட்டுலேருந்து பேசுற மாதிரி இருக்கும்.

நேத்து ஆபீஸ்ல என்ன ஆச்சுன்னு நண்பருக்கு எழுதுற மெயில்ல இதைப் போடாதீங்க, இன்னைக்கு காலையில நடந்ததுக்கு சுத்தமா வேண்டாம். இன்னைக்கு நடந்ததுக்கு ஆகாதுங்குறது புதுசும் இல்ல, 1660-ல வந்த போர்-ரொயால்ங்குற பழைய பிரெஞ்சு இலக்கண நூலே குறைஞ்சது ஒரு நாளாவது தள்ளி நடந்ததுக்குத்தான் இந்தக் காலம்னு சொல்லியிருக்கு. அப்புறம் எத்ர் (இருக்குறது), அவ்வார் (வச்சிருக்குறது), வ்னிர் (வர்றது), கூரிர் (ஓடுறது), மூரிர் (சாகுறது) இதெல்லாம் மேல சொன்ன எந்தக் கூட்டத்துலயும் சேராது, ஃபு, யூ, வேன், கூரு, மூரு-ன்னு தனியா போகும், ரெகுலர் கைக்கு வந்தப்புறம் அதைத் தொடுங்க.